தானியக்க மென்பொருளில் கடவுச்சொற்களும் சூழல் மாறிகளும்

சூழல் மாறி என்பது நிரலுக்குள் எழுதப்படாமல், அதை இயக்கும் இயங்குதளத்திடம் இருக்கும் ஒரு பெயரும் அதற்குரிய மதிப்பும் ஆகும். நிரல் இயங்கும்போது அம்மதிப்பைக் கேட்டுப் பெற்றுக்கொள்கிறது. 1979இல் வெளியான யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே இந்த ஏற்பாடு இருந்தது.

நம் சொந்தக் கணினியிலோ வாடகை சர்வரிலோ நிறுவிக்கொள்ளும் தானியக்க மென்பொருளுக்கு இது மிகவும் தேவை. 2019இல் ஜெர்மனியின் பெர்லின் நகரில் தொடங்கப்பட்ட 'என்8என்' இவ்வகையைச் சேர்ந்தது. ('நோட்மேஷன்' என்ற ஆங்கிலச் சொல்லில் முதல், கடைசி 'என்' எழுத்துகளுக்கு நடுவே எட்டு எழுத்துகள், பெயர் வந்த கதை அவ்வளவுதான்.) மின்னஞ்சல், விரிதாள், தரவுத்தளம் எனப் பலவற்றை அது இணைப்பதால், எல்லாவற்றின் கடவுச்சொற்களும் ஓரிடத்தில் குவிகின்றன.

அவற்றை என்8என் மறையாக்கம் செய்தே தரவுத்தளத்தில் வைக்கிறது. மறையாக்கச் சாவி முதன்முறை இயக்கும்போது தானாக உருவாகி, '.என்8என்' என்னும் கோப்புறைக்குள் எழுதப்படுகிறது. பலர் இடறுவது இங்கேதான். டாக்கரில் நிறுவி, அந்தக் கோப்புறையை நிலையான சேமிப்பில் வைக்காமல் விட்டால், கன்டெய்னரைப் புதிதாக்கும்போது சாவி போய்விடும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் தனியே பத்திரமாக இருக்கும். அதிலுள்ள கடவுச்சொற்களை மட்டும் திறக்க முடியாது. ஒவ்வொன்றையும் மீண்டும் உள்ளிட வேண்டியதுதான்.

ஆகவே 'என்8என்_என்கிரிப்ஷன்_கீ' என்ற சூழல் மாறியில் சாவியை நாமே கொடுத்து, அதன் நகலை வேறிடத்தில் வைப்பது நல்லது. ஏற்கெனவே இயங்கும் நிறுவலில் புதிய சாவியைக் கொடுக்கக் கூடாது. கோப்புறையில் உள்ள பழைய சாவியையே எடுத்து இட வேண்டும்.

இம்மாறிகளை '.என்வி' கோப்பில் எழுதுவது வழக்கம். அக்கோப்பைக் கிட் களஞ்சியத்தில் சேர்த்துவிட்டால், பிறகு அழித்தாலும் பழைய பதிவுகளில் அது இருக்கும். அப்போது கடவுச்சொல்லையே மாற்ற வேண்டும். பணிப்பாய்வைக் கோப்பாக ஏற்றுமதி செய்து நண்பருக்கு அனுப்பும்போதும் கவனம் தேவை: 'கர்ல்' கட்டளையிலிருந்து இறக்குமதி செய்த எச்டிடிபி கணுவில் அணுகல் சாவி அப்படியே தங்கியிருக்கலாம்.

சூழல் மாறியை இரும்புப் பெட்டி என்று நினைப்பவர்கள் உண்டு. அது சரியன்று. 'டாக்கர் இன்ஸ்பெக்ட்' கட்டளையை இயக்கும் உரிமை உள்ளவருக்கு அது வெளிப்படையாகத் தெரியும். என்8என்னில் மாறியின் பெயரோடு '_ஃபைல்' என்ற பின்னொட்டைச் சேர்த்தால், மதிப்பைத் தனிக் கோப்பிலிருந்து படிக்கச் செய்யலாம். அக்கோப்பைத் திறக்கும் உரிமையை யாருக்குத் தருவது என்பதை நாமே தீர்மானிக்கலாம்.