மூக்குக்கண்ணாடியும் லேசர்ச் சத்திரசிகிச்சையும்

மனிதன் தன் பார்வைக் குறையை நீக்குதற்குக் கண்ட கருவிகளுள் ஒன்று மூக்குக்கண்ணாடியாகும். 13 ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலி நாட்டிலே தோன்றிய அக்கருவி எழுநூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கற்றோர்க்கும் கைவினைஞர்க்கும் உற்ற துணையாய் இருந்து வருகின்றது. அதன் சிறப்புக்களுள் அதிகம் எண்ணப்படாதது ஒன்றுண்டு. அது கண்ணுக்குப் புறத்தே நிற்பது. பொருந்தாதாயின் கழற்றி வைத்து வேறொன்றை அணியலாம். அணிந்தவரின் கண் முன்னிருந்தவாறே இருக்கும். ஏறத்தாழக் கடந்த நாற்பது ஆண்டுகளில் வளர்ந்த லேசர்ச் சத்திரசிகிச்சையோ இதற்கு மறுதலையானது. அது கண்ணாடியை மாற்றாது கண்ணையே மாற்றுகின்றது. அவ்வாறு மாற்றப்பட்ட கண் மீளவும் பழைய கண் ஆவதில்லை. இவ்வொரு வேறுபாடே இச்சிகிச்சை பற்றிய தீர்மானம் முழுவதற்கும் அடிப்படையாகும்.

கண்புரை முற்றியவர் சத்திரசிகிச்சையை நாடுவது தேவை கருதி. நாடாவிடின் பார்வை மங்கிப்போகும். ஆனால் கண்ணாடியணிந்து தெளிவாகக் காண்பவர் லேசர்ச் சிகிச்சையை நாடுவது விருப்பங் கருதியேயாம். அவர் கண்ணிலே நோயில்லை. நோயற்ற உறுப்பொன்றைக் கத்திக்கோ கதிருக்கோ உட்படுத்துங்கால் வேண்டப்படும் எச்சரிக்கை, நோயுற்ற உறுப்பிற்கு வேண்டப்படுவதினும் மிக்கதாதல் வேண்டும்.

கண்ணுட் புகும் ஒளியை வளைத்து விழித்திரையிற் குவியச் செய்வன இரண்டு. ஒன்று கண்ணின் முகப்பிலுள்ள விழிவெண்படலம். மற்றது உள்ளேயுள்ள வில்லை. கண்ணின் மொத்த வலு ஏறத்தாழ 60 தையொத்தர் எனின், அதில் 43 தையொத்தர் வரை விழிவெண்படலத்திற்கே உரியது. விழிக்கோளம் அளவின் மிஞ்சி நீண்டிருப்பின் ஒளி விழித்திரைக்கு முன்னரே குவிந்துவிடும். தூரப் பொருள்கள் மங்கலாய்த் தோன்றும். இதுவே குறும்பார்வை. ஒரு மில்லிமீற்றர் நீட்சியே ஏறத்தாழ மூன்று தையொத்தர்க் குறையை விளைக்கும். உருவம் விழித்திரையிலே விழுகின்றது என்பதையும், குழிவில்லை குறும்பார்வையை ஏன் திருத்துகின்றது என்பதையும் 1604 ஆம் ஆண்டில் விளக்கியவர் வானியலறிஞர் கெப்ளர். விழிவெண்படலத்தின் வளைவைச் சிறிது தட்டையாக்கினால் குழிவில்லை செய்யும் வேலையைக் கண்ணே செய்துகொள்ளும் என்பதுதான் லேசர்ச் சிகிச்சையின் தத்துவம். தத்துவம் எளிது; அதனைக் கையாண்ட வரலாறோ அத்துணை எளிதன்று.

விழிவெண்படலம் நடுவில் ஏறத்தாழ அரை மில்லிமீற்றர் தடிப்பே உடையது. அதனிடத்துக் குருதிக் குழாய்கள் இல்லை. நரம்புகளோ மிகச் செறிந்துள்ளன. அதன் உட்புறத்தே ஒற்றை வரிசையாய் அமைந்த கலங்கள், படலத்தினுள் ஊறும் நீரை இடைவிடாது வெளியேற்றி அதனைத் தெளிவாக வைத்திருக்கின்றன. அழிந்த கலங்களுக்கு ஈடாக அங்கே புதியன தோன்றுவது மிக அரிது. இவ்வுண்மை அறியப்படுமுன்னரே அப்படலத்தைத் திருத்த முற்பட்டோர் உளர். 1939 ஆம் ஆண்டளவில் யப்பானிய வைத்தியர் சாத்தோ விழிவெண்படலத்தை உள்ளும் புறமும் கீறி அதன் வளைவைக் குறைக்கும் முறையைக் கையாண்டார். சிகிச்சை பெற்றோர் முதலில் நன்கு கண்டனர். ஆண்டுகள் பல சென்றபின், உட்கலங்கள் காயமுற்றதன் பயனாகப் பலருடைய படலம் நீர் கோத்து மங்கிற்று.

1970 களில் மொஸ்கோவில் பியோதரோவ் என்பார் புறத்தே மட்டும் ஆரைவழி கீறும் முறையைப் பரப்பினார். ஐக்கிய அமெரிக்காவில் இம்முறையால் திருத்தப்பட்ட கண்கள் பத்தாண்டுக் காலம் தொடர்ந்து ஆராயப்பட்டன. அவற்றுள் நூற்றுக்கு 43 கண்கள் எதிர்த்திசையில் ஒரு தையொத்தரோ அதற்கு மேலோ பெயர்ந்திருந்தமை 1994 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. சிகிச்சை முடிந்த மறுநாட் பார்வையைக் கொண்டு ஒரு முறையை மதிப்பிடலாகாது என்பதே இவ்விரு வரலாறுகளும் புகட்டும் பாடம்.

கீறுதலை விடுத்துச் செதுக்குதல் என்னும் எண்ணம் கொலம்பிய நாட்டுப் பொகோட்டா நகரிற் பணிபுரிந்த பராக்கேர் என்பவரால் 1949 ஆம் ஆண்டளவில் முன்வைக்கப்பட்டது. அதற்கேற்ற நுண்ணிய கருவி அப்பொழுது இல்லை. அக்கருவியைத் தந்தவர்களுள் ஒருவர் சென்னையிற் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்திலே இரசாயனம் பயின்ற ரங்கசாமி சிறீநிவாசன் ஆவர். நியூயோர்க் மாநிலத்தில் ஐ. பி. எம். நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் வின், புளூம் என்போருடன் அவர் பணியாற்றினார். 1981 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், நன்றி நவிலும் திருநாள் விருந்தில் எஞ்சிய வான்கோழியின் துண்டொன்றைக் கொணர்ந்து அதன்மீது ஊதாக்கடந்த லேசர்க் கதிரைப் பாய்ச்சினார். 193 நனோமீற்றர் அலைநீளமுடைய அக்கதிர், அயலிலுள்ள இழையத்தைச் சுடாமலும் கருக்காமலும் தான் பட்ட இடத்தை மாத்திரம் கூரிய விளிம்புடன் அகற்றிற்று. இழையத்தின் மூலக்கூற்றுப் பிணைப்புக்களைத் துண்டிக்கப் போதிய சத்தி அக்கதிரிடத்து உண்டு. ஆதலின் வெப்பத்தாற் பொசுக்காது துகள் துகளாகப் பெயர்த்தெறிகின்றது. ஒரு துடிப்பு அகற்றும் தடிப்பு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றரின் நாலாயிரத்தில் ஒரு பங்கு.

கண் வைத்தியராகிய திரோக்கல் சிறீநிவாசனுடன் சேர்ந்து இக்கதிரை விழிவெண்படலத்திற் பரீட்சித்து 1983 ஆம் ஆண்டில் முடிபுகளை வெளியிட்டார். 1988 ஆம் ஆண்டில் புற்றுநோய் காரணமாகக் கண்ணகற்றப்படவிருந்த மாதொருவர், அகற்றுமுன் அக்கண்ணை இப்பரிசோதனைக்கு மனமுவந்து அளித்தார். மார்கரீட் மக்டொனல்ட் என்னும் பெண் வைத்தியர் அச்சிகிச்சையைச் செய்தார். இன்று கோடிக்கணக்கானோர் பெறும் சிகிச்சையின் தொடக்கத்தில் தமக்கென எதனையும் எதிர்பாராத ஒருவரின் கொடை நிற்கின்றது என்பது நினைவிலிருத்தற்குரியது.

இற்றைநாள் வழங்கும் முறைகள் மூன்று. முதலாவதில் புறத்தோலை நீக்கி அதன்கீழ்ப் பரப்பு கதிராற் செதுக்கப்படும். தோல் சில நாள்களில் மீள வளரும், அந்நாள்களில் நோவுண்டு, பார்வை மெல்லத் தெளியும். இரண்டாவது, லேசிக் எனப்படுவது. இதில் படலத்தின் மேற்பகுதி மூடிபோற் சீவப்பட்டு ஒருபுறம் ஒட்டியிருக்கத் திறக்கப்படும். உட்பகுதி செதுக்கப்பட்டபின் மூடி முன்போல் வைக்கப்படும். மறுநாளே பார்வை தெளிவதால் இம்முறை பெரிதும் விரும்பப்படுகின்றது. ஆயினும் அம்மூடி பழைய உறுதியுடன் மீண்டும் பொருந்துவதில்லை. பல ஆண்டுகளின் பின்னும் பலத்த அடியினால் விலகக்கூடும். மூன்றாவதில் படலத்தினுள்ளே வில்லை வடிவான ஒரு சிறு தகடு பெம்டோ செக்கன் லேசரினால் வெட்டப்பட்டுச் சிறு துளைவழி இழுத்தெடுக்கப்படும். 2018 ஆம் ஆண்டிற் பௌதிகத்திற்கான நோபெல் பரிசில் பங்குபெற்ற மூரூ, ஸ்ட்ரிக்லண்ட் ஆகிய இருவரும் கண்ட வழியே இத்தகைய மிகக்குறுந் துடிப்பு லேசர்களுக்கு வித்திட்டது. முறை எதுவாயினும் அகற்றப்பட்ட இழையம் மீள வளராது.

எனவே, எவ்வளவு அகற்றப்படும், எவ்வளவு எஞ்சும் என்பது முதலில் அறியத்தக்கது. இதற்கு எளிய கணக்கொன்று உண்டு. செதுக்கப்படும் வட்டத்தின் விட்டத்தை மில்லிமீற்றரில் எடுத்து வர்க்கித்து, குறையின் தையொத்தர் எண்ணாற் பெருக்கி, மூன்றாற் பிரித்தால் அகற்றப்படும் ஆழம் ஏறத்தாழ மைக்கிரோமீற்றரிற் கிடைக்கும். விட்டம் 6 எனின் ஒரு தையொத்தருக்கு 12 மைக்கிரோமீற்றர் செல்லும். படலம் 540 மைக்கிரோமீற்றரும் குறை 3 தையொத்தரும் உடைய ஒருவரைக் கொள்க. லேசிக் மூடிக்கு 110, செதுக்கலுக்கு 36, ஆக 146. இது படலத்தின் நூற்றுக்கு 27 பங்கு. படலம் 490 உம் குறை 8 தையொத்தரும் உடைய மற்றொருவருக்கோ 110 உம் 96 உம் சேர்ந்து 206 ஆகும்; இது நூற்றுக்கு 42 பங்கு. அவருக்கு எஞ்சும் 284 மைக்கிரோமீற்றர், நெடுங்காலமாகக் கீழெல்லையாகக் கொள்ளப்பட்ட 250 இனும் மிக்கதே. ஆயினும் நூற்றுக்கு 40 பங்கிற்கு மேற் பாதிக்கப்படும் படலம், கண்ணின் உள்ளமுக்கத்தைத் தாங்காது காலப்போக்கில் முன்தள்ளிப் பிதுங்கும் அபாயம் கூடியது எனப் பின்னைய ஆய்வுகள் கூறுகின்றன. ஒரு கணக்கிலே தேறியவர் மற்றொரு கணக்கிலே தவறுகின்றார். அயலவர் ஒருவருக்கு நன்கு பலித்தது என்பது தனக்கும் பலிக்கும் என்பதற்குச் சான்றாகாமை இதனால் விளங்கும். படலம் கூம்பு வடிவாய்ப் பிதுங்கும் நோயோ அதற்குரிய அறிகுறியோ உடையார்க்கு இச்சிகிச்சை விலக்கப்பட்டதாகும்.

பயனைக் குறைத்துக் கூறுதல் நீதியன்று. 2017 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் அரச நிறுவனங்களின் சார்பில் வெளியான லேசிக் ஆய்வில், பங்குகொண்டோருள் நூற்றுக்கு 95 பேருக்கு மேற்பட்டோர் தம் பார்வையிலே திருப்தி தெரிவித்தனர். அதே ஆய்வில், முன்னர் ஒளிவட்டம், கூச்சம், இரட்டையுருவம் முதலிய குறைகள் எவையும் இல்லாதிருந்தோருள் நூற்றுக்கு 40 பேருக்கு மேற்பட்டோர் மூன்று மாதத்தின் பின் புதிதாக ஒன்றேனும் உண்டெனக் கூறினர். கண்வறட்சி இல்லாதிருந்தோருள் ஏறத்தாழ நூற்றுக்கு 28 பேர் அதனைப் புதிதாக உணர்ந்தனர். முன்னரே இத்தகைய குறை உடையவராயிருந்து சிகிச்சையின் பின் அது நீங்கப்பெற்றோரும் பலர். அன்றாட வேலைக்கு இடையூறாகும் அளவிற்குத் துன்பமுற்றோர் நூற்றுக்கு ஒருவரினும் குறைந்தோரே. எனினும் அவ்வொருவர் இரவில் வாகனஞ் செலுத்திப் பிழைப்பவராயின் அவருக்கு இழப்பு சிறிதன்று. படலத்தின் நரம்புகள் துண்டிக்கப்படுவதால் வறட்சி தோன்றுகின்றது, பெரும்பாலும் மாதங்கள் செல்லக் குறையும், சிலரிடத்து நிலைத்துவிடும்.

சிகிச்சையால் மாறாதன எவை என்பதும் எண்ணத்தக்கது. விழிக்கோளத்தின் நீட்சி மாறுவதில்லை. மிக்க குறும்பார்வை உடையார்க்கு விழித்திரை கிழிந்து கழலும் அபாயம், கண்ணாடி நீங்கிய பின்னரும் முன்போல் உண்டு. நாற்பதைக் கடந்தபின் வில்லை இறுகுவதால் வரும் வெள்ளெழுத்தும் இச்சிகிச்சையால் தடுக்கப்படுவதில்லை. ஆசிரியர்களும் எழுத்துத் தொழிலினரும் ஊன்றி நோக்கவேண்டிய செய்தி இதுவே. 2.5 தையொத்தர்க் குறும்பார்வையுடைய ஐம்பது வயதினர், கண்ணாடியைக் கழற்றிவிட்டு 40 சென்ரிமீற்றர் தூரத்தில் நூலைப் பிடித்து இடர்ப்பாடின்றிப் படிப்பார். அவர் தூரப்பார்வையைத் திருத்திக்கொள்வாராயின் வீதியில் அணிந்த கண்ணாடி நீங்கும். மேசையில் அணியாதிருந்த கண்ணாடி வந்து சேரும். நாள் முழுதும் விடைத்தாள் திருத்துபவருக்கு இம்மாற்று இலாபமாகுமோ என்பதை அவரே நிறுத்துப் பார்த்தல் வேண்டும். ஒரு கண்ணைத் தூரத்திற்கும் மற்றதைக் கிட்டத்திற்குமாகத் திருத்தும் வழி ஒன்றுண்டு. அது பொருந்துமோ என்பதை முன்னரே தொடுவில்லை அணிந்து சோதித்தறியலாம்.

மாணவரைப் பொறுத்தவரையில் விடை வேறு. பதினெட்டு வயதிற்குட்பட்டோர்க்கு இது செய்யத்தக்கதன்று. விழிக்கோளம் இன்னும் நீளக்கூடும். இருபது வயதினராயினும் ஓராண்டுக் காலத்தில் அரைத் தையொத்தருக்கு மேல் மாறும் கண் இன்னும் நிலைபெறாத கண்ணேயாகும். கருவுற்றிருக்குங் காலத்திலும் பாலூட்டுங் காலத்திலும் அளவு பெயர்தலால் அப்பொழுது சிகிச்சை தவிர்க்கப்படும். நிலைபெற்ற அளவும் போதிய தடிப்பும் ஒழுங்கான வடிவும் ஈரமும் உடைய கண்ணினராய், தொழிலினாலோ விளையாட்டினாலோ கண்ணாடி பெரிதும் இடையூறாக உள்ள இருபத்தைந்து வயதளவினரே இதனாற் பெரும்பயன் அடைவோர். ஒரு கண்ணிலே மாத்திரம் பார்வையுடையவர் அதனை இதன்பொருட்டு இடரில் வைத்தல் தகாது.

தீர்மானிப்பவர் வைத்தியரிடம் கேட்டறியவேண்டியன சில. படலத்தின் தடிப்பு எவ்வளவு? அகற்றிய பின் எஞ்சுவது எவ்வளவு? வடிவப் படத்தில் ஒழுங்கின்மை உண்டா? கண்ணீர்ச் சுரப்பு எத்தகையது? மூன்று முறைகளுள் இக்கண்ணுக்கு ஏற்றது எது? ஏன்? தொடுவில்லை அணிவோர் அது படலத்தின் வடிவைப் பிறழச் செய்வதால் அளவெடுப்பதற்குச் சில வாரங்கள் முன்னரே அதனை நிறுத்துதல் வேண்டும். அளவுகளின் பிரதியொன்றைப் பெற்றுப் பேணுதல் இன்றியமையாதது. முதுமையிற் கண்புரை தோன்றி அகத்தே செயற்கை வில்லை பொருத்தும்பொழுது, செதுக்கப்பட்ட படலம் அவ்வில்லையின் கணக்கைப் பிழைபடச் செய்யும். சிகிச்சைக்கு முன்னைய அளவுகள் கையிலிருப்பின் அக்கணக்கு இலகுவாகும். முப்பது வயதில் வைத்துக் காத்த தாளொன்று எழுபது வயதில் உதவுதல் கூடும்.

இவ்வினாக்களுக்கு விடை காணாது விரைபவரும், பழைய அச்சத்தினால் எக்காலத்தும் மறுப்பவரும் ஒருங்கே தவறுகின்றனர். சிகிச்சை வேண்டாவென்று இவ்வாண்டு தீர்மானித்தவர் அடுத்த ஆண்டு அதனை மாற்றிக்கொள்ளலாம். செய்துகொண்டவர் அதனை மாற்றிக்கொள்ள இயலாது. ஆதலின் ஐயம் எஞ்சியிருக்குமளவும் காத்திருப்பதே முறை; ஐயம் நீங்கியபின் துணிவதும் முறையே. அதுவரையில் எழுநூறு ஆண்டுகளாகத் தொண்டு செய்த மூக்குக்கண்ணாடி தன் தொழிலைச் செய்துகொண்டிருக்கும்.