ஓடும் பேருந்தில் அறுபடாத இணையம்

பேருந்து ஒரு வலையமைப்பைத் தாண்டி வேறொன்றுக்குள் நுழைந்தால் இணைய முகவரி மாறும். பேசிக்கொண்டிருந்த வீடியோ அழைப்பு சட்டென்று அறுந்துவிடலாம். 50 பயணிகளின் கைபேசிகளும் தனித்தனியே புது முகவரியை அறிவித்தால் அந்த நொடியில் நெரிசல்தான் மிஞ்சும். ஆகவே அந்தப் பொறுப்பை வண்டியிலுள்ள ரூட்டர் ஒன்றே ஏற்பதுதான் சரி. 2005-இல் வெளியான ‘நெமோ’ நெறிமுறையின் வழியும் இதுவே: ரூட்டர் தன் புது இருப்பிடத்தை, தன் நிலையான முகவரி இருக்கும் தாய் வலையமைப்புக்குச் சொல்லும், அங்கிருந்து தகவல்கள் வண்டியைத் தேடி வரும். கைபேசிக்கு எதுவும் மாறியதாகவே தெரியாது.

இப்படிச் சுற்றி வந்தால் தாமதமாகுமே என்பார்கள். உண்மைதான், வண்டி தொலைவு போகப் போகச் சுற்றுவழியும் நீளலாம். ஆனால் சற்றுப் பிந்தி வரும் குரலைப் பொறுத்துக்கொள்ளலாம். அறுந்த அழைப்பை முதலிலிருந்து தொடங்க வேண்டும். வண்டிக்கு ஹாட்ஸ்பாட் வாங்குவோரே, வேகத்தை மட்டும் கேட்காதீர்கள். வலை மாறினாலும் இணைப்பு தொடருமா என்றும் கேளுங்கள்.