ஓடி முடித்த பிறகும் ஏன் இரைக்கிறது?

பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் 400 மீட்டரை முழு வேகத்தில் ஓடி முடித்தவர், கோட்டைத் தாண்டியதும் முழங்காலில் கை ஊன்றி நிமிடக்கணக்கில் இரைக்கிறார். ஆக்சிஜன் போதாததால் இரைக்கிறது என்பார்கள். அது மட்டும் காரணமில்லை. ரத்தத்தில் ஏறிய அமிலத்தை உடல் இறக்கிக்கொண்டிருக்கிறது.

ரத்தத்தின் பிஎச் 7.35-க்கும் 7.45-க்கும் நடுவே நிற்க வேண்டும். அதாவது லிட்டருக்கு ஏறத்தாழ 40 நானோமோல் ஹைட்ரஜன் அயனி. ரத்தத்திலுள்ள சோடியத்தில் 35 லட்சத்தில் ஒரு பங்கு! இந்தத் துளி கூடினாலும் குறைந்தாலும் நொதிகளின் வேலை கெடும்.

வேக ஓட்டத்தில் தொடைத் தசை, ஆக்சிஜனுக்குக் காத்திராமல் குளுக்கோஸை உடைக்கிறது. லாக்டேட்டும் ஹைட்ரஜன் அயனியும் ரத்தத்தில் சேர்கின்றன. ஓய்வில் லிட்டருக்கு 1 மில்லிமோல் அளவில் இருந்த லாக்டேட், பயிற்சி பெற்றவர்களிடம் 15-ஐயும் தாண்டும். தசையிலிருந்து கசிந்துவர நேரம் பிடிப்பதால், ஓட்டம் முடிந்து சில நிமிடங்கள் கழித்தே அது உச்சத்தைத் தொடும்.

அமிலம் வந்த கணமே அதை எதிர்கொள்வது பைகார்பனேட். லிட்டருக்கு 24 மில்லிமோல் கையிருப்பு. அது ஹைட்ரஜன் அயனியைப் பிடித்துக் கார்பானிக் அமிலமாகி, நீராகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் பிரிகிறது. கோலி சோடாவின் குண்டைத் தட்டியதும் வாயு பொங்கி வெளியேறுவதுபோல, இந்த வாயு நுரையீரல் வழியே போய்விடுகிறது. போய்க்கொண்டே இருப்பதால்தான் பைகார்பனேட்டால் தொடர்ந்து அமிலத்தைப் பிடிக்க முடிகிறது. ஹீமோகுளோபினும் தன் பங்குக்குக் கொஞ்சம் பிடித்துக்கொள்கிறது.

மூச்சை முடுக்குவது யார்? கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் இடத்திலுள்ள நுண்ணுணரிகள் அமிலம் ஏறியதை உடனே மூளையின் முகுளத்துக்குச் சொல்கின்றன. ஊரின் உயரம் காரணமில்லையா? பெங்களூரு 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் ஆக்சிஜன் அழுத்தம் சென்னையைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவுதான். ஆனால் சும்மா இருப்பவரின் மூச்சைப் பெரிதாக மாற்ற அது போதாது.

இரைப்பு அடங்கினாலும் செலவான பைகார்பனேட் திரும்பிவிடவில்லை. கல்லீரலும் இதயமும் ஓய்ந்த தசையும் லாக்டேட்டை எடுத்துப் பயன்படுத்தும்போதுதான் அது மீள்கிறது. இதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரமாகும்.

ஓட்டத்தில் மட்டுமல்ல, உணவிலிருந்தும் அமிலம் சேர்கிறது. முட்டை, இறைச்சியின் புரதத்திலிருந்து வரும் கந்தக அமிலத்தை மூச்சால் வெளியேற்ற முடியாது. உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 1 மில்லிமோல் அமிலம் தினமும் இப்படிச் சேர்கிறது. அதைத் தீர்ப்பது சிறுநீரகம். நாளொன்றுக்கு 180 லிட்டர் வடிகட்டி, அதிலுள்ள 4,000 மில்லிமோலுக்கு மேற்பட்ட பைகார்பனேட்டை ஏறக்குறைய முழுவதும் மீட்கிறது. பெரும்பகுதி, சிறுநீரகத்தின் நுண்வடிகட்டியான நெஃப்ரானின் முதல் குழலிலேயே முடிந்துவிடும். பிறகு ஹைட்ரஜன் அயனியைப் பாஸ்பேட்டுடனும், குளூட்டமினிலிருந்து தானே தயாரிக்கும் அம்மோனியாவுடனும் சேர்த்துச் சிறுநீரில் அனுப்புகிறது. அப்படிப் போகும் ஒவ்வொரு அயனிக்கும் ஒரு புதிய பைகார்பனேட் ரத்தத்துக்கு வருகிறது. அமிலச் சுமை நீடித்தால் அம்மோனியா உற்பத்தி சில நாட்களில் பலமடங்காகும்.

இந்த வேலையைக் காரத் தண்ணீர் பாட்டில் செய்யும் என்ற விளம்பரத்தை நம்ப வேண்டாம். அந்தக் காரம் இரைப்பையின் அமிலத்திலேயே தீர்ந்துவிடும். அக்கறை காட்ட வேண்டியது சிறுநீரகம் தளர்ந்தவர்கள்மீது. அம்மோனியா உற்பத்தி குறைந்து அமிலம் தேங்கும்போது, அவர்களது எலும்பு கரைந்து அதைத் தாங்குகிறது, தசையும் தேய்கிறது. அதனால்தான் மருத்துவர்கள் ரத்தத்தில் பைகார்பனேட்டை அளந்து, தேவைப்பட்டால் சோடியம் பைகார்பனேட் மாத்திரை எழுதித் தருகிறார்கள்.