டிப்ளமோவுக்குப் பின் பி.இ.: விண்ணப்பம் எப்போது தொடங்குகிறது?

(இறுதியாண்டு, சிவில் பிரிவு)



"அடுத்து என்ன?" மூன்றாம் ஆண்டுக்கு வந்ததும் எல்லாரும் நம்மைக் கேட்கும் கேள்வி இது. எங்கள் ஊர் திருவட்டாறில் இதற்கு ஆளுக்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். "பேசாம ஒரு கம்பெனிக்குப் போ" என்பார் ஒருவர். "ஏ.எம்.ஐ.இ. எழுது, அது பி.இ.க்குச் சமம்" என்பார் இன்னொருவர். "நேரா செகண்ட் இயர் பி.இ. சேரலாமே, ரிசல்ட் வரட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்பார் மூன்றாமவர்.

இந்த "அப்புறம் பாத்துக்கலாம்" என்ற வார்த்தையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். போன வருஷம் எங்கள் பக்கத்து அண்ணன் ஒருவருக்கு நல்ல மார்க். கலந்தாய்வில் சீட்டும் கிடைத்தது. ஆனால் கட்டணச் சலுகைக்கான சான்றிதழ் நேரத்துக்குக் கைக்கு வரவில்லை. வீட்டில் பணமும் புரளவில்லை. இப்போது அவர் திருப்பூரில் வேலை பார்க்கிறார். அதைப் பார்த்த பிறகுதான் நான் ஐந்தாம் செமஸ்டரிலேயே விசாரிக்க ஆரம்பித்தேன். எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். வழி சொல்ல வீட்டில் ஆள் கிடையாது. அலைந்து தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்லிவிடலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எத்தனை வழி இருக்கிறது?

முதலில் ஏ.எம்.ஐ.இ. பற்றி. நம் அப்பாக்கள் காலத்து டிப்ளமோக்காரர்கள் பலர் வேலை பார்த்துக்கொண்டே அதை எழுதி முன்னுக்கு வந்தார்கள். ஆனால் 2013 மே 31 வரை பதிவு செய்தவர்களுக்குத்தான் அது பி.இ.க்குச் சமம் என்ற அங்கீகாரம் உண்டு. ஆகவே அந்த யோசனையை நன்றி சொல்லி விட்டுவிடலாம்.

இரண்டாவது, வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் பகுதிநேர பி.இ. வேலைக்குப் போயே தீரவேண்டிய நிலையில் இருப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, நேரடி இரண்டாம் ஆண்டுச் சேர்க்கை. பத்தாம் வகுப்புக்குப் பின் பிளஸ் டூ இரண்டு வருஷம், பி.இ. நாலு வருஷம், ஆக 6. நமக்கு டிப்ளமோ மூன்று, பி.இ. மூன்று, ஆக 6. நாம் ஒரு வருஷமும் இழப்பதில்லை. கையில் ஒரு டிப்ளமோவும் மிச்சம்!

இதற்கு நுழைவுத்தேர்வு உண்டா என்று பலர் கேட்கிறார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் எல்.இ.டி. என்ற தேர்வு இருப்பதால் வரும் குழப்பம் இது. தமிழ்நாட்டில் தேர்வு இல்லை. டிப்ளமோ மார்க்கை வைத்துத்தான் தரவரிசை. முன்பெல்லாம் கலந்தாய்வுக்கு காரைக்குடி அழகப்ப செட்டியார் அரசு பொறியியல் கல்லூரிக்கு அப்பாவோடு ராத்திரி பஸ் ஏறிப் போவார்களாம். இப்போது எல்லாம் இணைய வழியில்.

மார்க்கும் அரியரும்

தரவரிசையில் ஒரு மார்க் குறைந்தாலும் நமக்கு முன்னால் பலர் வந்து நிற்பார்கள். அதைவிடப் பெரிய விஷயம் அரியர். டிப்ளமோ முழுவதும் பாஸ் ஆனால்தான் பி.இ.யில் சேர முடியும். ஒரே ஒரு பேப்பர் நின்றாலும் அந்த வருஷம் கைவிட்டுப் போகும். "கடைசி செமஸ்டரில் சேர்த்து எழுதிக்கலாம்" என்று பழைய பேப்பரைத் தள்ளிப் போடுகிறவர்கள் கடைசி செமஸ்டரில் ரெட்டைச் சுமை சுமக்கிறார்கள். ஐந்தாம் செமஸ்டரோடு அரியரைத் துடைத்துவிடுங்கள்.

சான்றிதழ்கள்

தமிழகத்தில் இட ஒதுக்கீடு 69 சதவீதம். பி.சி. 26.5, பி.சி. முஸ்லிம் 3.5, எம்.பி.சி. 20, எஸ்.சி. 18 (அருந்ததியருக்கான 3 இதற்குள்), எஸ்.டி. 1. சாதிச் சான்றிதழ் இல்லாவிட்டால் இந்தக் கணக்கில் நமக்கு இடமில்லை. பள்ளிப்படிப்பில் சில வருஷம் பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கம் படித்த நண்பர்கள் நம் மாவட்டத்தில் உண்டு. அவர்கள் இருப்பிடச் சான்றிதழையும் முன்கூட்டியே வாங்கி வைப்பது நல்லது.

நம்மைப் போன்றவர்களுக்கு முக்கியமானது முதல் பட்டதாரிச் சான்றிதழ். 2010-11 கல்வியாண்டு முதல் தமிழக அரசு தரும் சலுகை இது. குடும்பத்தில் பட்டதாரியே இல்லை என்றால், ஒற்றைச் சாளர முறையில் சேருபவருக்குக் கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு. மூன்று விஷயங்களை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள்.

ஒன்று: குடும்பம் என்றால் தாத்தா பாட்டி, அப்பா அம்மா, உடன்பிறந்தவர்கள். "பெரியம்மா மக பி.எஸ்ஸி. படிச்சிருக்காளே, நமக்குத் தருவாங்களா?" என்று அம்மா பயந்தார்கள். அந்த அக்கா இந்தக் கணக்கில் வரமாட்டார். டிப்ளமோ பட்டம் அல்ல, ஆகவே அண்ணன் டிப்ளமோ முடித்திருந்தாலும் பரவாயில்லை.

இரண்டு: நிர்வாக ஒதுக்கீட்டில் பணம் கட்டிச் சேர்ந்தால் இந்தச் சலுகை கிடையாது. ஹாஸ்டல், பஸ் செலவுக்கும் இது உதவாது.

மூன்று: ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான்.

இதற்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பிக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் விசாரிப்பார், பிறகு மேலே போகும். நான் டிசம்பரில் போட்ட முதல் விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. ரேஷன் கார்டில் அப்பா பெயர் ஒரு மாதிரி, என் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் வேறு மாதிரி. ஒரே ஒரு எழுத்துதான்! அதைத் திருத்தி மறுபடியும் போட்டு வாங்க பிப்ரவரி ஆகிவிட்டது. இதே காரியம் ஜூனில் நடந்திருந்தால் என் கதையும் அந்த அண்ணன் கதைதான். ஆகவே ஆதார், ரேஷன் கார்டு, மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ் நான்கையும் பாயில் பரப்பி வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள். இன்றைக்கே பாருங்கள்.

பணம் எப்போது வேண்டும்?

இதை யாரும் எழுதமாட்டார்கள், நான் எழுதுகிறேன். அப்பா ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர். நம் பகுதியில் பாதி வீடுகளில் இதுதான் தொழில். ஐப்பசி முதல் தை வரை பால் நன்றாக ஊறும். மாசி, பங்குனியில் இலை உதிரும், வெட்டு நிற்கும். ஜூனில் தென்மேற்கு மழை பிடித்தால் பல நாள் வெட்டே கிடையாது. விண்ணப்பம், கலந்தாய்வு, முதல் கட்டணம் எல்லாம் சரியாக அந்த மழைக் காலத்தில்தான் வரும். அதாவது வீட்டில் காசில்லாத நேரத்தில்தான் காலேஜ் காசு கேட்கும். அதனால் கார்த்திகையிலேயே வீட்டில் பேசி, தை மாதம் வரை வாராவாரம் ஒரு தொகையை அம்மா எடுத்து வைத்தார்கள். உங்கள் வீட்டுத் தொழில் மீனோ, செங்கல் சூளையோ, முந்திரி ஆலையோ, அதன் நல்ல காலமும் மோசமான காலமும் உங்களுக்குத் தெரியும். அந்தக் கணக்கைப் போட்டு வையுங்கள்.

கல்லூரிகளின் வரிசை

விருப்பப் பட்டியலில் கல்லூரிகளை எழுதும் வரிசை முக்கியம். முதலில் அரசுக் கல்லூரிகள். நமக்குப் பக்கத்தில் திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. நாகர்கோவில் கோணத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி இருக்கிறது. வீட்டிலிருந்தே போய் வர முடிந்தால் ஹாஸ்டல் காசு மிச்சம். பட்டியலை வேறொருவர் கையில் கொடுத்து "நீங்களே போட்டுடுங்க" என்று சொல்லாதீர்கள். கமிஷனுக்காகச் சில கல்லூரிகளை மேலே ஏற்றிவிடுபவர்களும் உண்டு.

சேர்ந்தபின் கணக்குப் பாடம் பயமுறுத்தும். முதலாண்டில் மற்றவர்கள் படித்த அணிகள், நுண்கணிதம், வகைக்கெழுச் சமன்பாடுகள் இவற்றை நாம் முழுதாகத் தொடாமலே மூன்றாம் செமஸ்டரில் போய் உட்காருவோம். மே, ஜூன் விடுமுறையில் முதலாண்டு கணக்குப் புத்தகத்தைப் பழைய விலைக்கு வாங்கிப் போட்டுப் பார்ப்பது நல்லது.

முடிவாக ஒன்று

"ஒருவருக்குத்தான்" என்று மேலே எழுதினேன் அல்லவா? எனக்குப் பின்னால் தங்கை பத்தாம் வகுப்பில் இருக்கிறாள். என்னைவிட நன்றாகப் படிப்பவள். சலுகையை நான் எடுத்துக்கொண்டால் அவளுக்கு இல்லை. நான் சலுகை வாங்காமல் பட்டம் பெற்றாலும் அவளுக்கு இல்லை. பேசாமல் வேலைக்குப் போய்விடட்டுமா என்று அப்பாவிடம் கேட்டேன். அவர் கத்தியைத் தீட்டிக்கொண்டே, "மக்களே, நீ முதல்ல ஏறு. மேல ஏறின ஆளுதான் கீழ நிக்கிறவளக் கைபிடிச்சுத் தூக்க முடியும்" என்றார்.

ஆகவே நான் விண்ணப்பிக்கிறேன். மூன்று வருஷம் கழித்து அவள் கட்டணம் என் பொறுப்பு. அதையும் என் கணக்கு நோட்டில் எழுதி வைத்துவிட்டேன். இரண்டாம் ஆண்டு தம்பி தங்கைகளே, நீங்கள் ஜூனுக்காகக் காத்திருக்க வேண்டாம். இந்த மலரை மூடி வைத்துவிட்டு, உங்கள் வீட்டு ரேஷன் கார்டை எடுத்துப் பாருங்கள்!