கம்பியா, கம்ப்யூட்டரா?

1980-களின் அதிவேக கார்கள் இரண்டு: இத்தாலியின் ஃபெராரி எஃப்40, ஜெர்மனியின் போர்ஷே 959. வென்றது யார் என்பதில் சாலை ஒரு பதில் சொல்கிறது. ஏலக்கூடம் வேறு பதில் சொல்கிறது.

ஃபெராரி எஃப்40-ன் கதவை உள்ளிருந்து திறக்கக் கைப்பிடியைத் தேடினால் கிடைக்காது. ஒரு கம்பி இருக்கும். அதைப் பிடித்து இழுக்க வேண்டும். காலுக்குக் கீழே கம்பளம் இல்லை. ஸ்டீரியோ இல்லை. பவர் ஸ்டீரிங், ஏபிஎஸ் பிரேக் எதுவும் இல்லை. இருப்பது மணிக்கு 324 கி.மீ. வேகம்.

விலை உயர்ந்த காரில் வசதிகளைக் கூட்டுவதுதான் உலக வழக்கம். மரனெல்லோ தொழிற்சாலை கழித்துக்கொண்டே போனது. எடை குறைந்தால் வேகம் கூடும் என்ற பந்தயக் கணக்கு அது. நிறுவனத்தின் 40-வது ஆண்டையொட்டி 1987 ஜூலையில் கார் அறிமுகமானபோது என்ஸோ ஃபெராரிக்கு 89 வயது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அவர் இறந்துபோனார். அவர் ஒப்புதல் கொடுத்த கடைசி கார் என்ற பெருமை எஃப்40-க்கு ஒட்டிக்கொண்டது.

ஸ்டுட்கார்ட்டில் நடந்தது நேர் எதிர். 'குரூப் பி' ராலி பந்தயங்களை மனதில் வைத்து 1983-ல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் போர்ஷே ஒரு மாதிரி காரைக் காட்டியது. அதுதான் 959 ஆக வளர்ந்தது. பயங்கர விபத்துகளால் 1986-உடன் குரூப் பி பந்தயங்கள் முடிவுக்கு வந்தன. ஆனால் அதே ஆண்டு பாரிஸ்-டக்கார் பாலைவனப் பந்தயத்தில் முதல் இரண்டு இடங்களையும் 959 தட்டிச் சென்றது.

அதன் பலம் கம்ப்யூட்டர். இன்ஜினின் சக்தி நான்கு சக்கரங்களுக்கும் போகும். முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்பதைக் கம்ப்யூட்டர் தீர்மானிக்கும். டயரில் காற்று குறைந்தால் எச்சரிக்கை வரும். 450 குதிரை சக்தி, 317 கி.மீ. வேகம். ஆனாலும் மழை நாளில் பயமின்றி ஓட்டலாம். விலை 4.2 லட்சம் மார்க். தயாரிப்புச் செலவு அதையும் மிஞ்சியதால் விற்ற ஒவ்வொரு காரிலும் போர்ஷேவுக்கு நஷ்டம்.

அமெரிக்க விதிகளுக்கு 959 பொருந்தவில்லை. பில் கேட்ஸ் ஆசையாக இறக்குமதி செய்த கார் பத்தாண்டுக்கும் மேல் சுங்கத் துறையின் பிடியில் கிடந்தது. அரிய கார்களைக் குறைந்த தூரம் மட்டும் ஓட்ட அனுமதிக்கும் விதி 1999-ல் நடைமுறைக்கு வந்த பிறகே இத்தகைய கார்களுக்கு வழி பிறந்தது.

959 கார்கள் மொத்தமே சுமார் 300தான். எஃப்40 அதைப் போல நாலு மடங்குக்கும் மேல், 1,300-ஐத் தாண்டியது. அரிதான பொருளுக்கே விலை அதிகம் என்ற சந்தை விதிப்படி 959 முந்த வேண்டும். ஆனால் ஏலங்களில் பெரும்பாலும் எஃப்40தான் அதிக விலைக்குப் போகிறது.

காரணம், 959-ன் வெற்றியேதான். அதன் இரட்டை டர்போவும் நான்கு சக்கர இயக்கமும் 1995-லேயே போர்ஷே 911 டர்போவுக்கு வந்துவிட்டன. டயர் காற்று எச்சரிக்கையோ இன்று குடும்பக் கார்களிலும் இருக்கிறது. ஃபெராரியே கம்ப்யூட்டர் வழிக்கு மாறிவிட்டது. இன்றைய பாதுகாப்பு விதிகளின்படி எஃப்40 போன்ற ஒன்றை இனி யாரும் தயாரித்து விற்க முடியாது.

959-ஐ வாங்க வசதியில்லாதவர்களும் அதன் ஒரு துளியை ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். எஃப்40-ன் கம்பியை இழுக்க வேண்டுமானால் ஏலத்துக்குத்தான் போக வேண்டும்.