பேட்டை ராப்பா, பால் டப்பாவா? கோர்ட்டில் ஓர் அப்பா - மகன் சண்டை!

ஞாயிறு காலை, கொட்டிவாக்கம். கூடைப்பந்து ஆட்டம் முடிந்து மோர் குடிக்கிற நேரத்தில்தான் அடுத்த ஆட்டம் ஆரம்பிக்கிறது. ஸ்பீக்கரில் யார் பாட்டு?

"'பேட்டை ராப்' கேட்டிருக்கியாடா? 1994-ல நம்ம மெட்ராஸ் பாஷையிலயே ரஹ்மான் போட்டது. 2006-ல மலேசியாவுல இருந்து யோகி பி 'வல்லவன்' கொண்டு வந்தாரு. ஒவ்வொரு வார்த்தையும் புரியும்" என்கிறார், ஐம்பதைத் தொடும் அப்பா.

"அதெல்லாம் உங்க காலம்ப்பா. பால் டப்பாவோட 'காத்து மேல' போட்டா கால் தானா ஆடும்" என்கிறான் கல்லூரியில் படிக்கும் மகன்.

இந்த விளையாட்டும் இந்த இசையும் பழைய கூட்டாளிகள். 1973-ல் நியூயார்க்கின் பிராங்ஸில் பிறந்தது ஹிப்ஹாப். 1984-லேயே 'பாஸ்கெட்பால்' என்ற பெயரில் பாட்டுப் போட்டார் குர்டிஸ் ப்ளோ. அப்பாவின் ஹீரோ ஆலன் ஐவர்சன், ராப்பர்களைப்போல தொளதொள உடையும் சங்கிலியுமாக வலம்வந்தவர். 2005-ல் என்.பி.ஏ. உடைக் கட்டுப்பாடு கொண்டுவந்தபோது வெளிப்படையாகவே எதிர்த்தார்.

"அன்னைக்குப் பெரியவங்க அவரைத் திட்டினாங்க. இன்னைக்கு நீங்க எங்களைத் திட்டுறீங்க!" - மகன் போட்டது த்ரீ பாயின்ட்டர்.

அடுத்து அவன் ஒலிக்கவிட்டது, 2021-ல் வந்த 'எஞ்சாயி எஞ்சாமி'. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தும் சொந்தமாக நிலமில்லாத தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையிலிருந்து அறிவு எழுதியது என்று மகன் சொன்னதும், அப்பா சத்தத்தைக் குறைக்கச் சொல்லவில்லை.

"பாட்டி கதையைப் பாடுறவன் எந்தக் காலத்து ஆளா இருந்தா என்னடா... நம்ம ஆளுதான். இன்னொரு தடவை போடு!"