மருந்தின் வாழ்நாள்

நுழையும்முன்

ஒரே மூலிகையிலிருந்து பல மருந்துகள் பிறக்கின்றன. அவற்றுள் சில, மூன்று மணி நேரமே பயன் தருவன. சில, ஓராண்டு வரை நிற்பன. இவ்வேறுபாட்டின் காரணத்தை அறிந்தவரே வீட்டில் மருந்து செய்யத் தக்கவர்.

பகுப்பும் காலமும்

சித்த மருத்துவம், அக மருந்துகளை 32 வகையாகவும் புற மருந்துகளை 32 வகையாகவும் பகுத்துள்ளது. அக மருந்துகளுக்கு ஆயுட்காலத்தையும் வரையறுத்துள்ளது. சாறு, குடிநீர், கற்கம் ஆகியவற்றிற்கு 3 மணி நேரம், சூரணத்திற்கு 3 மாதம், மணப்பாகு, நெய், இளகம் ஆகியவற்றிற்கு 6 மாதம், எண்ணெய்க்கு ஓராண்டு. இவ்வரிசையை உற்றுநோக்கினால் ஓர் உண்மை புலப்படும். நுண்ணுயிர்கள் வளர்வதற்கு நீர் மிகுதியாகக் கிடைக்கும் மருந்துகளின் வாழ்நாள் மிகக் குறுகியது.

ஓர் இலை, நான்கு மருந்துகள்

இருமலுக்கும் சளிக்கும் வழங்கும் ஆடாதோடையை எடுத்துக்கொள்வோம். இதன் இலை, பச்சையாக இடித்தால் எளிதில் சாறு தராது. எனவே அவித்துப் பிழிவர். உலர்ந்த இலையை ஒன்றிரண்டாக இடித்து, நீரிலிட்டு, நான்கில் ஒன்றாகவோ எட்டில் ஒன்றாகவோ சுண்டக் காய்ச்சி வடித்தால் குடிநீர் ஆகும். சாறு, குடிநீர் இரண்டிலும் நீர் மிகுதி. ஆதலால் இவை விரைவில் கெடும்.

இலையை நிழலில் உலர்த்தி, நன்கு பொடித்து, துணியில் சலித்தால் சூரணம் கிடைக்கும். நீர் நீங்கியதால் இது நெடுநாள் நிற்கும். ஈரக்கரண்டி பட்டால் அப்பயன் அழியும். சாற்றுடனோ குடிநீருடனோ சர்க்கரை சேர்த்துப் பாகுபதமாகக் காய்ச்சுவது மணப்பாகு. இதில் நீர் இருப்பினும் சர்க்கரை அதனைப் பிணித்துக்கொள்வதால் நுண்ணுயிர்கள் பெருக இயலாது. மேலைநாட்டார் மூலிகையைச் சாராயத்தில் ஊறவைத்து வடிக்கும் ‘டிஞ்சர்’ நெடுநாள் கெடாதிருப்பதற்குச் சாராயமே காரணம். பச்சிலையை ஊறவைக்கும்போது அதிலுள்ள நீரும் கலந்து சாராயத்தின் வலிமையைக் குறைக்கும். ஆகவே அதற்கேற்ப அளவை மாற்றுவர்.

தெரிந்து தெளிவோம்

ஆடாதோடையில் உள்ள வாசிசின் என்னும் வேதிப்பொருளை முன்மாதிரியாகக் கொண்டே, சளியை இளக்கும் புரோம்ஹெக்சின் என்னும் மருந்து உருவாக்கப்பட்டது.

வீட்டில் நேரும் பிழை

காலையில் காய்ச்சிய குடிநீரை இரவில் மீண்டும் சூடாக்கிப் பருகும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. கொதிக்கவைத்தால் கேடு நீங்கும் என்பது அவர்தம் எண்ணம். கொதிநீரில் நுண்ணுயிர்கள் பல மடியலாம்; ஆனால், அவற்றுள் சில முன்னரே வெளியிட்ட நஞ்சு கொதித்தாலும் அழியாது. குளிர்பதனப் பெட்டியும் நுண்ணுயிர்ப் பெருக்கத்தைத் தாமதப்படுத்துமேயன்றி முற்றிலும் தடுக்காது. வேளைதோறும் புதிதாகக் காய்ச்சுவதே முறை.

மருந்து கெடாதிருந்தால் மட்டும் போதாது. அது உண்பவர்க்கு ஏற்றதாகவும் இருத்தல் வேண்டும். ஆடாதோடை கருப்பையைச் சுருங்கச் செய்யும் தன்மையுடையது. எனவே கருவுற்ற பெண்கள் அதனைத் தவிர்த்தல் வேண்டும். செடியை ஐயமற அடையாளம் காண்பதும், அளவை மருத்துவரிடம் கேட்டறிவதும், செய்த நாளைக் கலத்தின்மேல் எழுதிவைப்பதும் மருந்து செய்வோர் கடமைகளாகும். நாள் கடந்த மருந்தைக் கொட்டிவிடுதல் வீணன்று. அது நோயாளிக்குச் செய்யும் காவல்.